இரண்டாம் வயலினுக்கு ஒரு பார் மௌனம்

மதராஸில் ஒரு வெளிநாட்டு நூலகத்தின் மாடியில் இசைத்தட்டு கேட்கும் அறை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னாப் பக்கம் எழுதப்பட்ட ஒரு நால்வர் இசையை அங்கே கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. தட்டின் வேகம் தளர்ந்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, நான்கும் தொண்டை கட்டி, முனகி, கிணற்றில் இறங்குவதுபோல இறங்கிப் பாதி வரியில் நின்றன. எனக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை. மீதியை முணுமுணுத்து முடித்தேன். வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்ததும், ஊசி விட்ட இடத்திலிருந்து கிளம்பி, நான் முடித்தபடியே முடித்தது.

அதற்கு முன் நான் கேட்டிராத இசை அது. கேட்டிராத ஒன்றின் மீதியை நான் எப்படிப் பாடினேன்? இதை முறையாகப் படித்தே தீர வேண்டும், அமெரிக்கா போயாவது படிக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. மாடிப்படி இறங்குவதற்குள் முடிவும் பண்ணிவிட்டேன். எனக்கு எல்லாமே அப்படித்தான்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கிறேன். பாடகர் பாடுவதை நிழலாகத் தொடர வேண்டும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால், விட்ட இடத்தை எடுத்து இடைவெளி தெரியாமல் நிரப்ப வேண்டும். அந்த மாசம் ஒரு பெரிய பாடகர் என் முறை வந்தபோது நான் பாதி வாசிப்பதற்குள் கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டார். பிறகு சபாச் செயலாளரிடம், "அந்தப் பொண்ணு ஜாஸ்தி வாசிக்கிறா" என்றாராம். எவ்வளவு வாசிக்கலாம் என்பது அவர் முகத்தைப் பொறுத்தது. இந்த வியன்னாக்காரர்கள் இசையிலோ, இரண்டாம் வயலினுக்குக்கூட அதன் பங்கு அச்சடித்த காகிதத்தில் இருக்கிறது. அதை யார் பிடுங்க முடியும்?

வேப்பேரியில் ஒரு தேவாலய ஆசிரியரிடம் மேற்கத்திய முறையும் கற்று, வெளிநாட்டிலிருந்து வரும் தேர்வாளர் முன் வாசித்துச் சான்றிதழ்கள் வாங்கியிருந்தேன். கேசட் ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினேன். டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. மாணவர் நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் இடம் காலி. அது கிடைத்தால் படிப்பு இலவசம்; கிடைக்காவிட்டால் சேர்க்கை இல்லை. நேரில் வந்து குழுவோடு வாசித்துக் காட்ட வேண்டும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியும் வந்தால் கேட்கிறோம் என்று எழுதியிருந்தது. அதை நான் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். இடம் கிடைக்காவிட்டால் மாசக் கடைசிக்குள் திரும்பி வந்து வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. டிசம்பர் சீசனுக்கு ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகளை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதலில் நியூ ஜெர்சி. பெரியம்மா மகள் மைதிலி அக்கா வீட்டில் இரண்டு நாள். அவள் க்ரீம் ஆஃப் வீட் என்ற டப்பா மாவில் ரவா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்துவிடு என்று ஒவ்வொரு தோசைக்கும் ஒருமுறை சொன்னாள். மறுநாள் சாயங்காலம் பக்கத்து ஊரில் ஆர்கெஸ்ட்ரா. என் வாழ்க்கையில் நேரில் கேட்கப் போகும் முதல் ஆர்கெஸ்ட்ரா. அக்காவுக்கு வேலை, பஸ்ஸில் போ என்றாள். ஊர்ப் பழக்கத்தில் சாலையின் இடது பக்கம் போய் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன், வீடுகள் குறைந்து மரங்கள் அதிகமாகின. எதிர்த் திசையில் போகிறேன் என்று டிரைவர்தான் கண்டுபிடித்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கே பஸ்ஸெல்லாம் பின்பக்கமாக ஓடுமா?" என்று கேட்டு இறக்கிவிட்டார்.

அரங்கத்தை அடைந்தபோது கதவை மூடியிருந்தார்கள். முதல் பகுதி முடியும்வரை யாரையும் விடுவதில்லை என்றார் வாசலில் நின்ற பெரியவர். எங்கள் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின் நடுவே கேன்டீனிலிருந்து போண்டாவோடு வருவார்கள். இங்கே கதவுக்கு வெளியே நின்று, மரத்தின் வழியே கசிந்து வந்ததைக் கேட்டேன். அப்படிக் கேட்டதில் ஒன்று புரிந்தது: எது பாட்டு, எது துணை என்று கதவுக்கு வெளியிலும் தெரிந்தது. இதற்கு முந்தைய தலைமுறை ஐரோப்பிய இசையில் எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் பேசும். இதில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கீழே ஜமக்காளம் விரிப்பார்கள். பேச்சும் சின்னச் சின்ன வாக்கியங்கள். நான்கு பாரில் ஒரு கேள்வி, நான்கு பாரில் ஒரு பதில். பார் என்பது தாளத்தின் ஒரு கட்டம். நம் ஆவர்த்தனத்துக்குத் தம்பி.

உள்ளே விட்டபின் நான் செய்தது வேறு. மெதுவாகத் தொடங்கிய ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து நின்றபோது என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த இசை ஒரே பாரில் முகம் வாடியது, அடுத்த வரியில் மறுபடி சிரித்தது. ஒரே ராகத்தின் ஒரே மனநிலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பழகிய எனக்கு அது தாங்கவில்லை. "பலே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், பிறகு கணவரோடு இடம் மாறி உட்கார்ந்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மீதி நேரம் கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டேன். இந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்த கடைசிச் சாயங்காலம் அது.

ஹூஸ்டனில் இறங்கியதும் காற்று மதராஸ் காற்று. கட்டடத்துக்குள் நுழைந்தால் ஊட்டி. நான் தங்கியது கேட்டி என்ற புறநகரில், ராகவன் அங்கிள், வசந்தா ஆன்ட்டி வீட்டில். அப்பாவோடு படித்தவர் அங்கிள், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். எண்ணெய் விலை விழுந்த வருஷம் அது. தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டின் புல்வெளியில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. சில வீடுகளில் புல் முழங்கால் உயரம். "இந்த ஊர்ல இப்ப ரெண்டே பேருக்குத்தாம்மா வேலை நிச்சயம்," என்றார் அங்கிள், ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போது. "சாமான் ஏத்தற டிரக்கை ஓட்டறவன், போர்டு நடறவன்." அவர் சிரித்தார். முன் இருக்கையில் ஆன்ட்டி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கடைவரை நடக்கலாம் என்று கிளம்பினேன். நடைபாதை முடிந்த இடத்துக்குப் பிறகும் நடந்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு போலீஸ்கார் பக்கத்தில் வந்து நின்று, உன் கார் எங்கே பழுதாகி நிற்கிறது என்று கேட்டது. கார் இல்லை, நடக்கிறேன் என்றேன். உள்ளே இருந்த போலீஸ்காரர் அதைக் குறிப்பேட்டில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. கடைசியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஆன்ட்டிக்குக் கோபம். "கடைக்குப் போகணும்னா சொல்லு, நான் டிரைவ் பண்றேன். இங்க நடந்தா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

பியானோவோடு ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டதற்கு ஆன்ட்டி ரஞ்சினி அக்காவைப் பிடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் படித்த டாக்டர், முப்பத்திரண்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சர்ச்சில் பியானோ வாசிப்பவர். கொழும்பில் உங்களிடம் பியானோ இருந்ததா என்று நான் துடுக்காகக் கேட்டுவிட்டேன். "இருந்தது. எண்பத்து மூண்டு கலவரத்திலை வீட்டோட எரிஞ்சு போட்டுது," என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நேராக வைத்தார். கடையில் விற்கும் மெக்சிகோ ரொட்டிகளை நறுக்கி, முட்டையும் வெங்காயமும் போட்டு, இரண்டு கரண்டிகளால் தட்டித் தட்டிக் கொத்துரொட்டி செய்து போட்டார். அந்தத் தட்டலில் இருந்த தாளம் நான் அமெரிக்காவில் கேட்டவற்றிலேயே ஒழுங்கானது.

வாசிக்க வேண்டிய பகுதியைப் பல்கலைக்கழகம் முன்பே அனுப்பியிருந்தது. நான் அதைக் கரைத்துக் குடித்திருந்தேன். அமைப்பு எனக்கு மனப்பாடம். முதல் கருத்து சொந்த வீட்டில், அதாவது அதன் சட்ஜத்தில். பிறகு பஞ்சமத்தைச் சட்ஜமாக்கிக்கொண்டு இரண்டாவது கருத்து. நம் கிரகபேதம் மாதிரி. அப்புறம் இரண்டும் ஊர் ஊராக அலையும், அடையாளம் தெரியாமல் கிழியும். கடைசியில் வீடு திரும்பும். வெளியூரில் பிறந்த இரண்டாவது கருத்தும் இப்போது சொந்த வீட்டில் உட்காரும். இதை நான் கைகளை வீசிக்கொண்டு விளக்கியபோது ரஞ்சினி அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது உமா. ஆனா நீர் ஒவ்வொரு முறையும் ஒரு கொஞ்சம் பிந்தி வாறீர்."

நான் மறுத்தேன். அவர் கேசட்டில் பதிந்து போட்டுக் காட்டினார். இரண்டாம் வயலினுக்கு அந்தப் பகுதியில் பெரும்பாலும் வேலை ஒன்றுதான்: ஸ்வரக் கொத்தை உடைத்து, கீழ், மேல், நடு, மேல் என்று சீராகத் தட்டிக்கொண்டிருப்பது. ஜமக்காளம். அதை நான் மெலடிக்கு ஒரு மயிரிழை பின்னால் விரித்துக்கொண்டிருந்தேன். பாடகர் போகும் இடம் தெரிந்த பிறகு போவதுதான் பக்கவாத்தியக்காரியின் பழக்கம். இங்கே காகிதத்தில் முதல் வயலின் போகும் இடமும் எழுதியிருக்கிறது, என் இடமும் எழுதியிருக்கிறது. ஆனால் என் காது காகிதத்தை நம்பவில்லை.

ஒரு வாரம் தினமும் எண்ணிக்கொண்டே வாசித்தேன். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்தார். பிந்துவது குறைந்தது. இன்னொரு இடமும் இருந்தது. வீடு திரும்புவதற்குச் சற்று முன்னால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இசை திடீரென்று நிற்கும். நான்கு பேருக்கும் ஒரு பார் மௌனம். பிறகு எதுவுமே நடக்காததுபோல மெதுவாக முதல் கருத்து வரும். அந்தக் காலத்துக்காரர்களுக்குப் பிடித்த குறும்பு அது. அந்த இடத்தில் எனக்குக் கை அரித்தது.

"ஒண்டும் வாசிக்கப்படாது எண்டதும் எழுதித்தான் இருக்கு," என்றார் அக்கா. "அதையும் நீர் வாசிக்க வேணும்."

வாசித்தேன். மூன்று நாள் தொடர்ந்து சரியாக வாசித்தேன்.

தேர்வு நாளன்று அங்கிள் அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போனார். போகும் வழியில் வயலினை வண்டியின் பின்பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, காபி வாங்க ஒரு கடையில் நிறுத்தினார். திரும்பி வந்து திறந்தால் உள்ளே அடுப்பு. கம்பியை முறுக்கும் பிருடைகள் நழுவி நான்கு கம்பிகளும் தொளதொளவென்று கிடந்தன. அங்கிள் முகம் வெளுத்துவிட்டது. ஃப்ரீவேயில் அவர் வண்டி ஓட்ட, நான் மடியில் வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டே போனேன். சேர்த்தது அவசரத்தில் பழைய பழக்கப்படி ச, ப, ச, ப. வாசலில் இறங்கும்போதுதான் உறைத்து, நின்றபடி மறுபடி மேற்கத்திய முறைக்கு மாற்றினேன்.

சின்ன அறை. மூன்று ஆசிரியர்கள், குழுவின் மற்ற மூன்று மாணவர்கள். முதல் வயலின் கேரன் என்ற உயரமான பெண். கை குலுக்கினாள், சுருதி கொடுத்தாள், மூச்சை இழுத்துத் தலையை அசைத்தாள். தொடங்கிவிட்டோம்.

சொல்லத்தான் வேண்டும்: நன்றாகப் போயிற்று. நான் பிந்தவில்லை. ஜமக்காளம் சுருக்கமில்லாமல் விரிந்தது. மெதுவான இடத்தில் மெதுவாக, ஏறும் இடத்தில் ஏறினேன். செல்லோக்காரன் ஒரு திருப்பத்தில் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். இசை ஊர் ஊராக அலைந்து, ஏறி, அந்த விளிம்புக்கு வந்து, நின்றது. கேரன் வில்லைக் காற்றில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பாடகர்கள் அந்த மாதிரி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்: எடுத்துக்கோ. அவர் நிறுத்தி, பார்த்து, நான் சும்மா இருந்தால் அது அபசாரம். என் வில் இறங்கியது. கேரன் விட்ட வரியின் கடைசித் துண்டை, மெதுவாக, அழகாக, மேல் ஸ்வரத்திலிருந்து ஒரு சிறு இழைப்போடு இறக்கி வாசித்தேன். சுருதி சுத்தமாக இருந்தது. அறையில் அந்த ஒரு பார் முழுவதும் என் வயலின் மட்டும்தான் கேட்டது.

வியோலாக்காரன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. மற்றவர்கள் முதல் கருத்தை எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்தினார்கள். நடுவில் இருந்த ஆசிரியை கேட்டார்: "அந்த இடத்தில் ஓய்வு போட்டிருக்கிறது, கவனித்தீர்களா?"

"கவனித்தேன்."

"பிறகு ஏன்?"

பாடகர் மூச்சு வாங்குவது, நிழல், இடைவெளி, அபசாரம், எதற்கும் என்னிடம் ஆங்கிலம் இல்லை. "அவள் என்னைப் பார்த்தாள்," என்றேன். எல்லோரும் கேரனைப் பார்த்தார்கள். அவள் சிவந்துபோய், "நான் எப்போதும் பார்ப்பேன், எல்லோரும் சேர்ந்து நிறுத்துவதற்காக," என்றாள். அவளுக்காக எனக்குச் சங்கடமாக இருந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். இந்த முறை பயத்தில் எல்லா இடத்திலும் பிந்தினேன்.

வில் பிடிப்பைப் பாராட்டினார்கள். ஒலி அழகாக இருக்கிறது என்றார்கள். மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

திரும்பும்போது அங்கிள் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். "காபி கடையில நிறுத்தியிருக்கக் கூடாது," என்றார். அதனால் இல்லை அங்கிள் என்றேன். அவர் நம்பவில்லை. கம்பி நழுவியதுதான் காரணமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். கம்பியை மாற்றலாம். ஊரில் ஜாஸ்தி வாசிக்கிறாள் என்றார்கள், இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறேன். அந்த இசைக்காரர்கள் கேள்வி கேட்டால் பதில் எனக்குத் தெரியும் என்று நூலகத்தில் நம்பினேனே, அவர்கள் கேட்காமல் நிறுத்தும் இடத்தில் நான் யார் என்று அந்த அறையில் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த மூன்று நாட்கள் எழுத ஒன்றும் இல்லை. ஆன்ட்டி மோர்க்குழம்பு வைத்தார், சாப்பிட்டேன். தெருவில் இன்னொரு பலகை நட்டார்கள். அப்பாவுக்கு எழுத உட்கார்ந்து, வானிலை பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கச்சேரிகளை வேறு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சபாச் செயலாளரின் கடிதம் வந்தது. அங்கிளின் பிரிவில் எட்டுப் பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் ஒன்பதாவது இல்லை, இந்த வாரம். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூவரும் டிவியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

நாலாம் நாள் ரஞ்சினி அக்கா வந்து வயலினை எடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

"எனக்கு நாளைக்கு டியூட்டி இல்லை," என்றார். "நீர் வாசிக்காட்டில் நான் இஞ்சை சும்மா இருந்து உம்மடை ஆன்ட்டியோட சேல் விளம்பரம் பாக்க வேணும். வாரும்."

அவர் வீட்டுக்குப் போய், அவர் பியானோவோடு வாசித்தோம். அந்த இடம் வந்தது. அக்கா வேண்டுமென்றே என்னை நேராகப் பார்த்தார், புருவத்தைத் தூக்கி, வா என்று அழைப்பதுபோல. நான் வில்லைக் கம்பிக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். கை அசையவில்லை. ஐந்து, ஆறு. அக்காவின் விரல்கள் முதல் கருத்தில் நடந்துகொண்டிருந்தன. மௌனம் முடிந்துவிட்டது. என் கை அப்போதும் அசையவில்லை.

"பாத்தீரா, நிண்டிட்டீர்," என்றார் அக்கா. "இனித் திரும்பித் தொடங்க வேணும். அது இன்னும் வரேல்லை."

வராது என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு வருஷம் ஒருவர் தொடங்கியபின் தொடங்கிய கை. யாருமே தொடங்காத இடத்திலிருந்து மற்ற மூவரோடு ஒரே நொடியில் கிளம்ப அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிச்சம் இருப்பது பத்து நாள். பெட்டியின் அடியிலிருந்து அந்த விரிகுடாக் கல்லூரியின் கடிதத்தைத் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை வரலாம் என்று ஃபோனில் சொன்னார்கள். அதே விரிகுடாப் பக்கம் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஆன்ட்டியின் தம்பி வீடு இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு நாள். வயலின் பின்பெட்டிக்குப் போகாது, மடியில்தான் இருக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் நாலு எண்ணி, நாலாவது முடிந்ததும், விரலை மட்டும் கம்பியில் வைத்துத் தொடங்கிப் பார்க்கப் போகிறேன். டெக்சாஸ் எல்லையில் இருக்கும் எல் பாசோ வருவதற்குள் ஒரு முறையாவது சரியாக விழுகிறதா என்று.